இயங்கும் செயல்முறைகளைப் பட்டியலிடல்

இயங்கும் செயல்முறைகளைப் பட்டியலிடல் என்பது, ஒரு கணினியில் குறிப்பிட்ட நொடியில் இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்கள் எவை, அவற்றை இயக்கியவர் யார், அவை எந்தக் கட்டளை வரியைக் கொண்டு தொடங்கப்பட்டன ஆகிய விவரங்களை இயக்குதளத்திடமிருந்து கேட்டுப் பெறுவதாகும். யுனிக்ஸ் வழிவந்த இயக்குதளங்களில் ‘பிஎஸ்’ என்னும் கட்டளை இப்பணியைச் செய்கிறது. விண்டோஸ் இயக்குதளத்தில் பணி மேலாளர், ‘டாஸ்க்லிஸ்ட்’ ஆகியன இதற்குப் பயன்படுகின்றன.

கணினி மெதுவாக இயங்குவதற்கான காரணத்தை அறியவும், நின்றுபோன சேவையைக் கண்டறியவும், ஐயத்துக்கிடமான நிரலை அடையாளம் காணவும் கணினி நிருவாகிகள் முதலில் நாடுவது இப்பட்டியலையே. அதே வேளையில், இப்பட்டியலைப் பிற பயனர்களும் பார்க்க இயலும் என்பதால், கட்டளை வரியில் எழுதப்படும் கடவுச்சொற்கள் வெளிப்பட்டுவிடும் இடர் உண்டு.

இக்கட்டுரையில் கட்டளைகளின் பெயர்கள் ஒலிபெயர்த்து எழுதப்பட்டுள்ளன. விசைப்பலகையில் அவற்றுக்குரிய ஆங்கிலச் சிற்றெழுத்துக்களை இட வேண்டும்.

அடிப்படைக் கருத்துக்கள்

செயல்முறை: வட்டில் சேமிக்கப்பட்டிருக்கும் நிரல் வெறும் கோப்பு மட்டுமே. அது நினைவகத்தில் ஏற்றப்பட்டு இயங்கத் தொடங்கும்போது செயல்முறை ஆகிறது. ஒரே நிரலை மூவர் இயக்கினால் மூன்று செயல்முறைகள் உருவாகும். ஒவ்வொன்றுக்கும் இயக்குதளம் ஒரு தனி எண்ணை வழங்குகிறது. இது செயல்முறை எண் எனப்படும். ஒரு செயல்முறை முடிந்த பின்னர் அதன் எண் வேறொன்றுக்கு மீண்டும் வழங்கப்படலாம்.

கட்டளை வரி: நிரலை இயக்கும்போது அதன் பெயரோடு சேர்த்து அளிக்கப்படும் சொற்கள் அளபுருக்கள் எனப்படும். எடுத்துக்காட்டாக, கோப்பை நகலெடுக்கும் ‘சிபி’ நிரலைக் கொண்டு ‘சிபி கடிதம் காப்பு’ எனத் தட்டச்சு செய்தால், ‘கடிதம்’ என்ற கோப்பு ‘காப்பு’ என்ற பெயரில் நகலெடுக்கப்படும். இங்கு நிரலுக்கு மூன்று அளபுருக்கள் சென்றடைகின்றன. அவற்றுள் முதலாவது (எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குவதால் சுழியமாவது) நிரலின் பெயர். ஏனைய இரண்டும் கோப்புப் பெயர்கள்.

பெயரை மட்டும் அறிவது பெரும்பாலும் போதுமானதன்று. ஒரு வழங்கியில் ‘ஜாவா’ அல்லது ‘பைத்தான்’ என்ற பெயரில் பத்துச் செயல்முறைகள் இருக்கலாம். அவற்றுள் எது ஊதியக் கணக்கைச் செய்கிறது, எது வலைத்தளத்தை நடத்துகிறது என்பதை அளபுருக்களே காட்டும். தவறான ஒன்றை நிறுத்திவிடாமல் இருப்பதற்கு முழுக் கட்டளை வரியைப் பார்ப்பது இன்றியமையாதது.

வரலாறு

ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்து பயன்படுத்திய காலத்தில் யுனிக்ஸ் உருவானது. ஆகவே யாருடைய வேலை கணினியின் நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்று அறியும் தேவை தொடக்கத்திலேயே எழுந்தது. பெல் ஆய்வுக்கூடத்தில் 1973 இல் வெளியான யுனிக்ஸ் மூன்றாம் பதிப்பின் கையேட்டில் ‘பிஎஸ்’ இடம்பெற்றது.

தொடக்ககால ‘பிஎஸ்’, இயக்குதளத்தின் உட்கருவான கருனியின் நினைவகத்தை நேரடியாகப் படித்து, அங்கிருக்கும் செயல்முறை அட்டவணையைத் தேடி எடுத்தது. இதற்கு இரு குறைகள் இருந்தன. கருனியின் நினைவகத்தைப் படிக்கச் சிறப்பு உரிமை தேவைப்பட்டது. கருனியின் உள்ளமைப்பு மாறும்போதெல்லாம் ‘பிஎஸ்’ நிரலையும் மாற்றி அமைக்க வேண்டியிருந்தது.

இதற்கு மாற்றாக, ஒவ்வொரு செயல்முறையையும் ஒரு கோப்பைப் போலக் காட்டும் முறையை டாம் கில்லியன் யுனிக்ஸ் எட்டாம் பதிப்புக்காக உருவாக்கி, 1984 இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். ‘புரொக்’ எனப்படும் இம்முறை பின்னர் சிஸ்டம் ஐந்து யுனிக்ஸின் நான்காம் வெளியீட்டிலும் பெல் ஆய்வுக்கூடத்தின் ‘பிளான் 9’ இயக்குதளத்திலும் விரிவுபடுத்தப்பட்டது. லினக்ஸ் கருனியில் இது 1992 இல் சேர்க்கப்பட்டது.

பட்டியலைத் தொடர்ந்து புதுப்பித்துக் காட்டும் ‘டாப்’ நிரலை வில்லியம் லெஃபெவர் 1984 இல் எழுதினார். அதனைப் பின்பற்றி, வண்ணங்களுடனும் சுட்டி வசதியுடனும் கூடிய ‘எச்டாப்’ 2004 இல் வெளியானது.

லினக்ஸ் இயக்குதளத்தில்

புரொக் அடைவு

லினக்ஸ் கோப்பு முறைமையின் வேரில் ‘புரொக்’ என்ற அடைவு உள்ளது. இதிலுள்ளவை வட்டில் சேமிக்கப்பட்ட கோப்புகள் அல்ல. படிக்கும் நொடியில் கருனி அவற்றை உருவாக்கித் தருகிறது. ஒவ்வொரு செயல்முறைக்கும் அதன் எண்ணையே பெயராகக் கொண்ட துணை அடைவு ஒன்று இருக்கும். அதனுள் இருக்கும் முக்கியமான கோப்புகள் வருமாறு:

- காம்: செயல்முறையின் சுருக்கப் பெயர். இதன் நீளம் 15 பைட்டுக்களுக்கு மேற்படாது.
- சிஎம்டிலைன்: முழுக் கட்டளை வரி. இயல்பான அமைப்பில் எல்லாப் பயனர்களும் படிக்கலாம்.
- என்விரான்: செயல்முறை தொடங்கியபோது அதற்கு அளிக்கப்பட்ட சூழல் மாறிகள். செயல்முறையின் உரிமையாளரும் நிருவாகியும் மட்டுமே படிக்கலாம்.
- எக்ஸ்இ: இயங்கும் நிரல் கோப்புக்கான இணைப்பு.

கட்டளை வரிக் கோப்பில் அளபுருக்கள் இடைவெளியால் பிரிக்கப்படுவதில்லை. ஒவ்வொன்றின் முடிவிலும் மதிப்பு சுழியமாக உள்ள ஒரு பைட்டு இடப்படுகிறது. இது திரையில் புலப்படாது. எனவே அக்கோப்பை நேரடியாகத் திரையில் காட்டினால் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதுபோல் தோன்றும். நிரல் எழுதுவோர் சுழிய பைட்டை எல்லையாகக் கொண்டு அளபுருக்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

‘பிஎஸ்’ கட்டளையோ சுழிய பைட்டுகளுக்குப் பதிலாக இடைவெளிகளை இட்டுக் காட்டுகிறது. இதனால் தகவல் இழப்பு ஏற்படலாம். ‘என் கடிதம்’ என்ற, இடைவெளி கொண்ட ஒரே கோப்பை நகலெடுத்தால் பட்டியலில் ‘சிபி என் கடிதம் காப்பு’ என்றே தெரியும். ‘என்’, ‘கடிதம்’ ஆகியன ஒரே அளபுருவா, இரண்டா என்பதை அதிலிருந்து அறிய இயலாது. துல்லியம் தேவைப்படும் இடங்களில் ‘சிஎம்டிலைன்’ கோப்பையே படிக்க வேண்டும்.

பிஎஸ் கட்டளை

தெரிவுகள் ஏதுமின்றி இயக்கினால், அதே பயனர் அதே முனையத்தில் தொடங்கிய செயல்முறைகளை மட்டுமே ‘பிஎஸ்’ காட்டும். முழுப் பட்டியலைப் பெற இரு மரபுகள் உள்ளன.

- சிஸ்டம் ஐந்து மரபு: இடைக்கோட்டைத் தொடர்ந்து ‘ஈ’, ‘எஃப்’ ஆகிய எழுத்துக்களை இட வேண்டும். முதலாவது எல்லாச் செயல்முறைகளையும் தேர்ந்தெடுக்கிறது. இரண்டாவது பயனர், தாய்ச் செயல்முறையின் எண், முழுக் கட்டளை வரி ஆகியவற்றைச் சேர்க்கிறது.
- பெர்க்கிலி மரபு: இடைக்கோடின்றி ‘ஏ’, ‘யூ’, ‘எக்ஸ்’ ஆகிய எழுத்துக்களைச் சேர்த்து இட வேண்டும். இதில் மையச் செயலகப் பயன்பாடும் நினைவகப் பயன்பாடும் விழுக்காட்டில் கிடைக்கும்.

லினக்ஸ் வழங்கல்களில் உள்ள ‘பிஎஸ்’ இவ்விரு மரபுகளையும் ஏற்றுக்கொள்கிறது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய ‘பாஸ்’ இயக்குதளத்திலும் இதே நிரலே உள்ளது.

முனையத்தின் அகலத்தைத் தாண்டும் வரிகள் வெட்டப்படுவதுண்டு. ‘டபிள்யூ’ என்ற எழுத்தை இருமுறை சேர்த்தால் முழு வரியும் கிடைக்கும். ‘ஓ’ தெரிவைக் கொண்டு வேண்டிய நிரல்களை (பத்திகளை) மட்டும் தேர்ந்தெடுக்கலாம். ‘பிஐடி’, ‘ஆர்க்ஸ்’ ஆகிய இரண்டையும் கேட்டால் செயல்முறை எண்ணும் கட்டளை வரியும் மட்டும் வரும். பிற நிரல்களுக்கு உள்ளீடாகக் கொடுக்க இவ்வடிவம் ஏற்றது.

கட்டளைப் பத்தியில் சில பெயர்கள் சதுர அடைப்புக்குள் காணப்படும். அவற்றுக்குப் படிக்கத்தக்க கட்டளை வரி இல்லை என்பதே இதன் பொருள். கருனி தனக்காக இயக்கும் உள் இழைகளும், இயக்கம் முடிந்தும் தாய்ச் செயல்முறை கணக்கை முடிக்காததால் பட்டியலில் எஞ்சியிருப்பவையும் இவ்வாறு தோன்றும். பின்னவை ‘சோம்பி’ செயல்முறைகள் எனப்படும்.

பட்டியலில் தேடுதல்

பட்டியலை ‘கிரெப்’ கட்டளைக்கு அனுப்பி ஒரு பெயரைத் தேடுவது பரவலான வழக்கம். அவ்வாறு தேடும்போது, தேடப்படும் நிரல் இயங்காதபோதும் விடையாக ஒரு வரி கிடைப்பதுண்டு. அந்த வரி ‘கிரெப்’ கட்டளையினுடையதே. தேடப்படும் சொல் அதன் அளபுருவாக இருப்பதால் தன்னையே அது கண்டெடுக்கிறது. தானியங்கி நிரல்களில் இதனைக் கவனிக்காவிட்டால், நின்றுபோன சேவை இயங்குவதாகவே கணக்கிடப்படும்.

இக்குறையைத் தவிர்க்க ‘பிகிரெப்’ கட்டளை பயன்படுகிறது. இது தன்னை விடைகளிலிருந்து விலக்கிக்கொள்ளும். ‘எஃப்’ தெரிவைச் சேர்த்தால் முழுக் கட்டளை வரியிலும் தேடும். ‘ஏ’ தெரிவைச் சேர்த்தால் எண்ணுடன் கட்டளை வரியையும் அச்சிடும்.

தமிழ்ப் பெயர்கள்

கோப்புகளுக்கும் நிரல்களுக்கும் தமிழில் பெயரிட லினக்ஸ் இடமளிக்கிறது. ஆயினும் ‘காம்’ கோப்பின் 15 பைட்டு வரம்பு தமிழ்ப் பெயர்களைக் கூடுதலாகப் பாதிக்கிறது. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுக்கள் தேவை. புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனிக் குறியீடுகளாகவே கணக்கிடப்படும். ஆகவே 5 குறியீடுகளுக்கு மட்டுமே இடமுண்டு.

‘கணக்கு’ என்ற பெயரில் ஒரு நிரலை உருவாக்குவதாகக் கொள்வோம். இச்சொல்லில் க, ண, க, புள்ளி, க, உகரக் குறி என 6 குறியீடுகள், அதாவது 18 பைட்டுக்கள் உள்ளன. சுருக்கப் பெயரில் இறுதி உகரம் வெட்டப்பட்டு, ‘கணக்க’ என்று மட்டுமே எஞ்சும். ‘பிகிரெப்’ கொண்டு ‘கணக்கு’ எனத் தேடினால் விடை கிடைக்காது. ‘எஃப்’ தெரிவுடன் தேடினால், வெட்டப்படாத கட்டளை வரியில் அப்பெயர் முழுமையாக இருப்பதால், கிடைத்துவிடும்.

பிற இயக்குதளங்களில்

விண்டோஸ்: இங்கு கட்டளை வரி, தனித்தனி அளபுருக்களாக அன்றி ஒரே சரமாகச் செயல்முறையின் நினைவகத்தில் வைக்கப்படுகிறது, அதனைப் பிரித்துப் பொருள்கொள்வது நிரலின் பொறுப்பு. ‘டாஸ்க்லிஸ்ட்’ கட்டளை பெயர், எண், நினைவக அளவு ஆகியவற்றைக் காட்டும். கட்டளை வரியைக் காட்டாது. பணி மேலாளரின் விவரப் பட்டியலில் கட்டளை வரிக்கான பத்தியை விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம். பல்லாண்டுகளாகப் பயன்பட்ட ‘டபிள்யூஎம்ஐசி’ கைவிடப்படும் கருவியென 2021 இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு மாற்றாக, பவர்ஷெல்லில் ‘கெட்-சிம்இன்ஸ்டன்ஸ்’ கட்டளை ‘வின்32 புராசஸ்’ வகுப்பின் கட்டளை வரிப் பண்பைத் தருகிறது.

சோலாரிஸ்: இதன் இயல்பான ‘பிஎஸ்’ நீண்ட காலம் கட்டளை வரியின் முதல் 80 எழுத்துக்களை மட்டுமே காட்டியது. நீண்ட ஜாவா கட்டளைகளை வேறுபடுத்த இயலாத நிலையில், முழு அளபுருக்களையும் காட்டும் ‘பிஆர்க்ஸ்’ கருவி பயன்பட்டது.

மாக் இயக்குதளம், ஃப்ரீபிஎஸ்டி: இவற்றில் ‘பிஎஸ்’ உள்ளது. மாக் இயக்குதளத்தில் ‘புரொக்’ அடைவு இல்லை. கருனியிடம் கேட்டுப்பெறும் ‘சிஸ்கன்ட்ரோல்’ அழைப்பின் வழியே கட்டளை வரி பெறப்படுகிறது.

பட்டியலின் நம்பகத்தன்மை

செயல்முறைப் பட்டியல் பின்வரும் காரணங்களால் முழுமையான சான்றாகாது.

- ஒவ்வொரு செயல்முறையாகப் படிக்கப்படுவதால், படித்து முடிப்பதற்குள் சில மறைந்து சில புதிதாகத் தோன்றும். நொடிக்கும் குறைவாக இயங்கி முடிபவை பட்டியலில் அகப்படாமலே போகலாம். அத்தகையவற்றைப் பதிவு செய்ய, நிரல் தொடங்கப்படும் ஒவ்வொரு நிகழ்வையும் குறித்துவைக்கும் தணிக்கைக் கருவிகள் தேவை.
- கட்டளை வரி செயல்முறையின் சொந்த நினைவகத்திலேயே உள்ளது. அதனை அந்நிரலே மாற்றி எழுதலாம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தன் ஒவ்வொரு செயல்முறையும் செய்துகொண்டிருக்கும் பணியைக் காட்டுவதற்கு இவ்வசதியை நல்ல முறையில் பயன்படுத்துகிறது. தீநிரல்கள் பழக்கமான பெயர்களைப் பூண்டு ஒளிந்துகொள்ளவும் இதுவே உதவுகிறது.
- லினக்ஸ் 4.2 பதிப்புக்கு (2015) முன்னர் ‘சிஎம்டிலைன்’ கோப்பு 4096 பைட்டுக்களுடன் நின்றுவிடும். அதற்குப் பின்னரே நீண்ட கட்டளை வரிகள் முழுமையாகக் கிடைக்கலாயின.
- கணினியைக் கைப்பற்றியவர்கள் ‘பிஎஸ்’ நிரலையே மாற்றி வைத்துத் தம் செயல்முறைகளை மறைப்பதுண்டு.
- கொள்கலன்களுக்குள் இருந்து பார்த்தால் அக்கொள்கலனின் செயல்முறைகள் மட்டுமே தெரியும். புரவலன் கணினியிலிருந்து பார்த்தால் எல்லாக் கொள்கலன்களின் செயல்முறைகளும் அவற்றின் அளபுருக்களுடன் தெரியும்.

பாதுகாப்பு

கடவுச்சொல் வெளிப்படல்

லினக்ஸின் இயல்பான அமைப்பில் ஒரு பயனரின் கட்டளை வரியை அக்கணினியைப் பயன்படுத்தும் வேறெந்தப் பயனரும் படிக்கலாம். இதற்குச் சிறப்பு உரிமை எதுவும் தேவையில்லை. கல்லூரி ஆய்வுக்கூடத்தின் பொது வழங்கியில் ஒரு மாணவர் தரவுத்தளக் கடவுச்சொல்லைக் கட்டளையோடு சேர்த்து எழுதினால், அக்கட்டளை இயங்கும் வரை, ‘பிஎஸ்’ இயக்கும் ஏனைய மாணவர்கள் அனைவருக்கும் அது தெரியும். கட்டளை முடிந்த பின்னரும் அது ஷெல்லின் கட்டளை வரலாற்றுக் கோப்பிலும் கண்காணிப்புப் பதிவேடுகளிலும் தங்கிவிடலாம்.

மைஎஸ்கியூஎல் நிரல் தொடங்கியவுடன் கடவுச்சொல் இருந்த இடத்தை மாற்றி எழுதி மறைக்கிறது. எனினும் தொடக்கத்துக்கும் மறைத்தலுக்கும் இடையே சிறு கால இடைவெளி இருப்பதை அதன் ஆவணமே குறிப்பிடுகிறது. போஸ்ட்கிரெஸின் ‘பிஎஸ்கியூஎல்’ நிரலில் கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே எழுதுவதற்கெனத் தனித் தெரிவு அளிக்கப்படவில்லை.

கூடங்குளம் நிகழ்வு (2019)

செயல்முறைப் பட்டியலும் கட்டளை வரிக் கடவுச்சொல்லும் ஒருசேர இடம்பெற்ற நிகழ்வு தமிழ்நாட்டில் திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள கூடங்குளம் அணுமின் நிலையத்துடன் தொடர்புடையதாகும். ‘டிட்ராக்’ என்ற உளவு நிரலைப் பற்றி காஸ்பர்ஸ்கை நிறுவனம் 2019 செப்டம்பர் 23 அன்று அறிக்கை வெளியிட்டது. விசை அழுத்தங்களைப் பதிவு செய்தல், உலாவி வரலாற்றைத் திரட்டல், வட்டுகளிலுள்ள கோப்புகளைப் பட்டியலிடல் ஆகியவற்றுடன், இயங்கும் செயல்முறைகள் அனைத்தையும் பட்டியலிடுவதும் அதன் பணிகளுள் ஒன்றாகும். லாசரஸ் எனப்படும் குழுவுடன் அதனை அந்நிறுவனம் தொடர்புபடுத்தியது.

2019 அக்டோபர் 28 அன்று, தீநிரல் மாதிரிகளைத் திரட்டும் ‘வைரஸ்டோட்டல்’ தளத்தில் இருந்த டிட்ராக் மாதிரி ஒன்றை ஆய்வாளர்கள் பொதுவெளியில் சுட்டிக்காட்டினர். பிணையத்திலுள்ள வேறொரு கணினியின் வட்டை இணைக்கும் ‘நெட் யூஸ்’ கட்டளை அம்மாதிரிக்குள்ளேயே பொதிந்திருந்தது. கூடங்குளம் நிலையத்தின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கத்தைக் கொண்ட நிருவாகிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அக்கட்டளையின் அளபுருக்களாக இருந்தன. குறிப்பிட்ட பிணையம் ஒன்றின் விவரங்கள் நிரலிலேயே எழுதப்பட்டிருந்ததால், அதனை உருவாக்கியவர்கள் அவற்றை முன்பே அறிந்திருந்தனர் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

நிலைய நிருவாகம் அக்டோபர் 29 அன்று இச்செய்தியை மறுத்தது. மறுநாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் தன் கணினியில் தீநிரல் கண்டறியப்பட்டது உண்மையே என அறிவித்தது. இந்தியக் கணினி அவசரகால எதிர்வினைக் குழு செப்டம்பர் 4 அன்று இதனைக் கவனித்துத் தெரிவித்ததாகவும், பாதிக்கப்பட்ட கணினி நிருவாகப் பணிகளுக்கான இணையத் தொடர்புள்ள பிணையத்தைச் சேர்ந்தது என்றும், அப்பிணையம் நிலையத்தின் முக்கிய உள்பிணையத்திலிருந்து தனிமைப்படுத்தப்பட்டது என்றும் அவ்வறிக்கை கூறியது.

உளவு நிரல்கள் செயல்முறைப் பட்டியலைத் திரட்டுவதற்குக் காரணம் உண்டு. எந்த நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் இயங்குகிறது, எந்தப் பணிக்காக அக்கணினி பயன்படுகிறது ஆகியவற்றை அப்பட்டியலே தெரிவித்துவிடும். அதே பட்டியல், முழுக் கட்டளை வரியுடன் பதிவு செய்யப்பட்டால், ஊடுருவலைக் கண்டறிவோருக்கும் முதன்மைத் தடயமாகிறது. விண்டோஸ் தணிக்கைப் பதிவேட்டில் 4688 என்ற எண்ணுடைய நிகழ்வு, புதிய செயல்முறை தொடங்கப்படுவதைக் குறிக்கும். அதில் கட்டளை வரியையும் சேர்க்கும் வசதி விண்டோஸ் 8.1 முதல் உள்ளது. இவ்வசதியை இயக்கினால் அளபுருக்களில் எழுதப்பட்ட கடவுச்சொற்களும் பதிவேட்டில் சேர்ந்துவிடும் என்பதால், அப்பதிவேட்டைப் படிக்கும் உரிமையையும் வரையறுக்க வேண்டும்.

தடுக்கும் முறைகள்

- கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் எழுதாமல், நிரல் கேட்கும்போது தட்டச்சு செய்தல்.
- தானியங்கி நிரல்களுக்கு, உரிமையாளர் மட்டுமே படிக்கத்தக்க கோப்பில் கடவுச்சொல்லை வைத்து, அக்கோப்பின் பெயரை மட்டும் அளபுருவாகக் கொடுத்தல்.
- கடவுச்சொல்லை இயல்பு உள்ளீட்டின் வழியே நிரலுக்கு அனுப்புதல்.
- சூழல் மாறியில் வைத்தல். இது கட்டளை வரியைவிடப் பாதுகாப்பானது. எனினும் துணைச் செயல்முறைகள் அனைத்துக்கும் அம்மாறி சென்றடையும் என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.
- பொதுக் கணினிகளில் ‘புரொக்’ அடைவை ‘ஹைட்பிட்’ தெரிவுடன் இணைத்தல். லினக்ஸ் 3.3 பதிப்பில் (2012) அறிமுகமான இத்தெரிவின் மதிப்பு 1 எனில் பிறருடைய கட்டளை வரிகளைப் படிக்க இயலாது. மதிப்பு 2 எனில் பிறருடைய செயல்முறைகள் இருப்பதே தெரியாது. ஃப்ரீபிஎஸ்டியிலும் பிறர் செயல்முறைகளை மறைக்கும் அமைப்பு உண்டு.

இம்மறைப்புகள் எவையும் கணினி நிருவாகிக்குத் தடையாகா. ஒருமுறை பட்டியலில் வெளிப்பட்ட கடவுச்சொல்லைப் பின்னர் மறைப்பதால் பயனில்லை என்பதால், அதனை மாற்றிவிடுவதே பரிந்துரைக்கப்படுகிறது.